ஆண் வாரிசு: இல்லை

பங்குனி மாதம் மூன்றாம் ஞாயிறு காலை பத்தரை மணிக்குப் பாஞ்சாலி வீட்டு வாசலில் இருந்தவர்கள் மொத்தம் ஏழு பேர். கீற்றுப் பந்தலுக்கு அடியில் கிழக்குப் பார்த்துப் போட்ட சிவப்பு நாற்காலியில் பெண்ணின் அப்பா. அவருக்கு வலப்பக்கம், கால் ஆடாத நாற்காலியாகப் பார்த்துப் போட்டதில், பெண்ணின் தாய்மாமன் கோதண்டபாணி. இடப்பக்கம் பெண்ணின் அத்தை. மூவருக்கும் எதிரில் முதுகுப்பலகை உடைந்த நாற்காலியில் தரகர். தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில், புதுச் சட்டையில் அழுக்குப் படாமல் பாதி உட்கார்ந்தும் பாதி நின்றும் பெரியதம்பி. வாசற்படியில் பக்கத்து வீட்டு ஆரோக்கியசெல்வி. நாற்காலிகள் நான்கும் அவள் போய் சர்ச்சில் கேட்டு வாங்கி வந்தவை. அவளுக்குப் பின்னால், வாசலும் தெரிய வேண்டும் அடுப்பும் தெரிய வேண்டும் என்று பார்த்து, தரையில் பாஞ்சாலி.

வளவனூர்ப் பக்கத்திலிருந்து மாப்பிள்ளை வீடு பார்க்க வந்திருந்தார்கள். பிடித்திருந்தால் இலை போடச் சொல்லிச் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். கை நனைத்துவிட்டார்கள் என்றால் அப்புறம் பேச்சு மாறாது. பிடிக்காவிட்டால் டீயோடு எழுந்துவிடுவார்கள். பெரியதம்பிக்கு முப்பத்தாறு முடிந்து மாசி மாதம் முப்பத்தேழு பிறந்திருந்தது. இதற்கு முன் வந்த நான்கு இடமும் டீயோடு எழுந்த இடங்கள்தான். பாஞ்சாலி விடியற்காலம் நாலு மணிக்கே அடுப்பு மூட்டி, சாம்பார் வைத்து, கத்திரிக்காய்க் காரக்குழம்பு வைத்து, சேமியா பாயசமும் இறக்கிவிட்டாள். வடை மட்டும் சூடாக இருக்கட்டும் என்று நிறுத்தி வைத்திருந்தாள். இலைகள் கழுவித் துடைத்து அடுக்கியிருந்தன.

பேச்சு நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

"தளம் நீங்களே போட்டதா தம்பி?" என்று கோதண்டபாணி பந்தலுக்கு அப்பால் வீட்டுக் கூரையைப் பார்த்துக் கேட்டார்.

"சென்ட்ரிங் அடிச்சது நானு. கலவ போட மூணு பேரு வந்தாங்க மாமா."

கேட்காமலே மாமா என்று வந்துவிட்டது. அத்தைக்காரி முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தாள். பெண்ணின் அப்பா மச்சானைப் பார்த்தார். மச்சான் தலையைப் பாதி ஆட்டினார். அந்தப் பாதி தலையாட்டலைப் பாஞ்சாலி உள்ளேயிருந்து பார்த்துவிட்டாள். பார்த்ததும் எழுந்துபோய் எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் ஏற்றினாள்.

அந்த நேரத்தில்தான் எட்டாவது ஆள் வந்தது. கழுத்தில் அட்டையும் கையில் படிவக் கட்டுமாக ஒரு பெண். இருபது இருபத்திரண்டு வயதிருக்கும்.

"ஆயா, வணக்கம். தென்னரசு அண்ணனுக்காக வந்துருக்கோம். அறுவது தாண்டுனவங்க பேரு எழுதிக்கினு வர்றோம். நம்ம அண்ணன் ஜெயிச்சா மாசாமாசம் முதியோர் பணம்..."

"ஜல்தி கேளும்மா, எண்ண காயுது."

"பேரு?"

"பாஞ்சாலி."

"வூட்டுக்காரர் பேரு?"

"ஏழுமல. பூட்டாரு, பன்னண்டு வருசம் ஆவுது."

"வயசு?"

"அறுவத்தெட்டு."

"ஆண் வாரி..."

"இல்லீங்க."

கேள்வி முடியுமுன் பதில் வந்துவிட்டது. பதில் மட்டும் வரவில்லை. தலை ஒரு பக்கம் சாய்ந்தது. வலது கை மலர்ந்து, இதோ பார் ஒன்றுமில்லை என்பதுபோல் விரிந்தது. குரலும் தானாக இறங்கியது.

எண்ணெய் புகைய ஆரம்பித்தது. கோதண்டபாணிதான் முதலில் வாயைத் திறந்தார்.

"ஏம்மா, அப்ப நாங்க யாரப் பாக்கறதுக்கு வளவனூர்ல இருந்து பஸ்ஸு புடிச்சி வந்தோம்?"

அத்தைக்காரி இம்முறை முந்தானை வைக்காமலே சிரித்தாள். தரகர் பதறிப்போனார். "அது பணத்துக்கு சொல்றதுங்க. ஊருல எல்லாரும் அப்படித்தான் சொல்லிக்கினு இருக்காங்க. வாய்ல பழகிப்போச்சி, அவ்ளோதான்."

"பணத்துக்குத்தான். புரியுது. எங்கூர்லயும் சொல்றாங்க." கோதண்டபாணி கோபமாகப் பேசவில்லை. நிதானமாகத்தான் பேசினார். "தம்பி பேரு ரேஷன் கார்டுல இருக்குதா?"

பெரியதம்பி தொட்டி விளிம்பிலிருந்து இறங்கி நின்றான். "சித்தப்பா கார்டுல இருக்குது. ஒலக்கூர்ல."

"அம்மா கார்டுல?"

"இல்ல."

"பெத்தவங்க வாய்ல இல்ல, கார்டுல இல்ல. எங்க பொண்ணு எந்தக் காயிதத்துல வந்து ஒக்காரும்? நீயே சொல்லு."

அந்தப் படிவக்காரப் பெண் எல்லாவற்றுக்கும் தானே காரணம்போல நின்றாள். அவள் பாஞ்சாலியிடம் மெதுவாகச் சொன்னது அங்கே இருந்த எல்லோருக்கும் கேட்டது.

"ஆயா, இது புள்ள இருக்கறவங்களுக்கும்தான் ஆயா. அண்ணன் அதத்தான சொல்லிக்கினு வர்றாரு. புள்ள இருந்தாலும் உண்டு, இல்லன்னாலும் உண்டு. நீங்க முழுசா கேக்கலியே."

வந்தவர்கள் டீயோடு எழுந்தார்கள். "போயி கலந்துக்கினு சொல்றோம்" என்றார் பெண்ணின் அப்பா. அவர் முகத்தில் வருத்தம் இருந்தது. அந்த வருத்தத்தைப் பார்த்த பிறகுதான் பாஞ்சாலிக்கு இந்த இடம் நிச்சயமாக அமைந்திருக்கும் என்று தெரிந்தது.

*

பெரியதம்பி சத்தம் போடவில்லை. நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கித் தானே சர்ச்சில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தான். புதுச் சட்டையைக் கழற்றி மடித்தான். கம்பி வளைக்கும் சாவியையும் இரண்டு லுங்கியையும் பையில் போட்டான்.

பாஞ்சாலி இலையைப் போட்டுச் சோற்றை வைத்தாள். "ஒரு வாய் சாப்ட்டுட்டு போடா."

"யாருக்குப் போட்ட?"

"உனக்குதான்டா."

"இல்லாதவனுக்கு எதுக்கும்மா சோறு?"

அதைச் சொல்லும்போது அவன் சிரிக்கத்தான் பார்த்தான். சிரிப்பு வரவில்லை. தாம்பரம் பக்கத்தில் ஏதோ பெரிய கட்டடம், அங்கேயே ஷெட்டில் தங்கல் என்று ஆரோக்கியசெல்வியிடம் சொல்லிவிட்டுப் போனான். பெற்றவளிடம் சொல்லவில்லை. அவள் கூப்பிட்டால் போனில் மணி அடித்தது, அடித்தது, நின்றது. நாலு நாள் அப்படித்தான்.

சொன்னது அவள் வாய்தான். ஆனால் சொல்லிக்கொடுத்தவன் அவனேதான்.

எட்டு வருடத்துக்கு முன் பெரியதம்பி இரண்டாம் மாடியிலிருந்து பலகையோடு சரிந்து விழுந்து தொடையில் பிளேட் வைத்திருந்தார்கள். வேலை இல்லை. அவள் ஒருத்தி களை எடுத்து, கேப்பை அறுத்துக் கொண்டுவருவதுதான் இரண்டு வயிற்றுக்கும். ஆண் பிள்ளை இருந்தால் முதியோர் பணம் கிடைக்காது என்று ஊரில் பேச்சு. அவன்தான் ஊன்றுகோலோடு அவளைத் திண்டிவனம் அழைத்துப் போனான். தாலுகா ஆபீஸ் எதிரில், புளியமரத்தடியில் மேசை போட்டு மனு எழுதும் கிருஷ்ணசாமி, பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "ஆண் வாரிசு?" என்று கேட்டார்.

"இல்லன்னு எழுது சார்," என்றான் பெரியதம்பி. "இருந்து மட்டும் என்னா கிழிச்சேன்?"

மூன்று பேரும் சிரித்தார்கள். கிருஷ்ணசாமி எழுதினார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவளுக்குப் பாடம் எடுத்தான். அவன் அதிகாரி. ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை உருட்டி, "யம்மா, ஆம்பளப் புள்ள?" என்பான். அவள், "இல்லடா," என்பாள். "டா போட்டா மாட்டிக்குவ. இல்லீங்க. தலய கொஞ்சம் சாய்ச்சிக்கோ. கைய இப்டி விரி. பாவமா சொல்லு." ஒலக்கூர் வருவதற்குள் பத்துத் தடவை சொல்லவைத்தான். பின் சீட்டுக்காரர்களுக்குக்கூடச் சிரிப்பு.

விசாரிக்க ஆள் வந்த அன்று அவன் கரும்புக்குள் போய் உட்கார்ந்துகொண்டான். அவள் வாசலில் நின்று தலையைச் சாய்த்து, கையை விரித்து, இல்லீங்க என்றாள். அப்புறம் பணம் எடுக்கிற இடத்தில் கேட்டார்கள், இல்லீங்க. கணக்கெடுக்க வந்தவர்கள் கேட்டார்கள், இல்லீங்க. கார்டில் அவன் பேர் இருக்கக் கூடாது என்று யாரோ சொல்ல, அதையும் எடுத்துச் சித்தப்பா கார்டில் சேர்த்தார்கள். கால் சரியாகி அவன் வேலைக்குப் போக ஆரம்பித்து, தளம் போட்டு வீடு கட்டி, அவள் வாங்குவதைவிடப் பல மடங்கு சம்பாதித்த பிறகும், கையில் காகிதம் வைத்துக்கொண்டு யார் கேட்டாலும் அவளுக்கு வந்த பதில் அது ஒன்றுதான்.

முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் கண்புரை எடுத்த அன்று, கூட யாரும்மா, மகன் இருக்காரா என்று சீட்டு எழுதிய நர்ஸ் கேட்டாள். இல்லீங்க என்றாள் பாஞ்சாலி. பக்கத்தில் அவளுடைய செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பெரியதம்பி நின்றான். "நானு வாட்ச்மேன் சிஸ்டர்," என்றான். நர்ஸ் சிரித்தாள். அவனும் சிரித்தான். ஆனால் ஊர் வந்து சேரும்வரை அவன் வாயைத் திறக்கவில்லை. கண்ணில் கட்டோடு இருந்தாலும் அவளுக்கு அது தெரிந்தது. ஏன்டா பேசமாட்டேங்கற என்று அன்றைக்கே கேட்டிருக்கலாம். கட்டுப் பிரிக்கட்டும் என்று இருந்துவிட்டாள். கட்டுப் பிரித்த பிறகு மறந்துபோயிற்று.

*

மல்லாட்டை பிடுங்கும் வேலை ஆரம்பமாகிவிட்டது. வெயில் ஏறுவதற்குள் கடலைச் செடியைப் பிடுங்கிக் குவித்துவிட்டு, பிறகு வேப்பமர நிழலில் வட்டமாக உட்கார்ந்து காய் ஆய்வார்கள். கைகள் ஆய்ந்துகொண்டே இருக்கும், வாய் அதற்குமேல். ஞாயிற்றுக்கிழமை நடந்தது திங்கட்கிழமையே நிழலுக்கு வந்துவிட்டது.

"ஏன் பாஞ்சாலி, புள்ள இல்லாதவளுக்கு எதுக்குடி இத்தினி பெரிய தூக்குச் சட்டி?" என்றாள் ஒருத்தி.

"அவ பசிக்குதான் தூக்குச் சட்டி. நீ வாய மூடிக்கினு ஆயி," என்றாள் ஆரோக்கியசெல்வி.

"நானும் தான் எழுதிக் குடுத்தேன். ரெண்டு தடிப்பசங்க இருக்கானுங்க. ரெண்டு பேரும் இல்லன்னு எழுதுனேன். அவனுங்க சோறு போடறத பாத்தா, எழுதுனது நெசந்தான்," என்றாள் இன்னொருத்தி.

எல்லோரும் சிரித்தார்கள். பாஞ்சாலிக்கும் சிரிப்பு வந்தது. உடனே கண்ணும் கலங்கியது. என் பிள்ளை அப்படி இல்லையே. ஒரு வருஷத் தீபாவளிக்குக்கூட அவன் புடவை இல்லாமல் வந்ததில்லை.

"யக்கா," என்று ஆரோக்கியசெல்வி குரலைத் தாழ்த்தினாள், "போன் எடுத்தான். என்கிட்ட பேசனான்."

"என்னா சொன்னான்?"

"வளவனூர்க்காரங்க வேணான்னு சொல்லிட்டாங்களாம். தரகரு சொன்னாராம்."

"என்னப் பத்தி?"

"மாத்திர சாப்படறியான்னு கேட்டான்."

பாஞ்சாலி கையிலிருந்த செடியில் ஒரு காயும் மிச்சமில்லை. அதையே திருப்பித் திருப்பி ஆய்ந்துகொண்டிருந்தாள்.

புதன்கிழமை சாயங்காலம் வேட்பாளர் தென்னரசு திறந்த வேனில் காலனிக்கு வந்தார். தண்ணீர் டேங்க் பக்கத்தில் வண்டி நின்றது. ஆரத்தித் தட்டுகள், துண்டு, வெடி. அவர் பேசியதில் பாதி காற்றோடு போயிற்று. முதியோர் பணத்தைப் பற்றிப் பேசும்போது மட்டும் எல்லோரும் சும்மா இருந்தார்கள். அறுபது வயதானால் போதும். இப்போது வருவதுபோல் இரண்டு மடங்கு. பிள்ளை இருக்கிறதா, நிலம் இருக்கிறதா, ஒன்றும் பார்க்க மாட்டோம்.

பாஞ்சாலி கூட்டத்தை முட்டித் தள்ளிக்கொண்டு வேன் பக்கம் போனாள்.

"ஐயா, பழைய காயிதத்துல புள்ள இல்லன்னு எழுதிக் குடுத்தவங்க என்னா பண்றது?"

தென்னரசு குனிந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். "நீ ஒண்ணும் பயப்படாதம்மா. எதுவும் பண்ண வேணாம். பழச யாரும் கிண்ட மாட்டாங்க. நாங்க வந்துட்டா அந்தக் கேள்வியே கெடையாது. புள்ள இருக்குதா இல்லையான்னு ஒங்கள ஒருத்தனும் கேக்க மாட்டான்."

கூட்டம் கை தட்டியது. வேன் நகர்ந்தது. பாஞ்சாலி அங்கேயே நின்றாள்.

"நல்லதுதான சொன்னாரு. ஏன் இப்டி நிக்கற?" என்றாள் ஆரோக்கியசெல்வி.

"கேக்கவே மாட்டாங்களாம்டி."

"ஆமா. பேஜாரு வுட்டுது."

"எட்டு வருசமா கேட்டவங்களுக்கு எல்லாம் இல்ல இல்லன்னு சொன்னேன். இனிமே ஒருத்தனும் கேக்க மாட்டான்னா, நான் எப்ப, யார்கிட்டடி உண்டுன்னு சொல்றது?"

ஆரோக்கியசெல்வி அவள் தோளில் ஒட்டியிருந்த வெடிக் காகிதத்தைத் தட்டிவிட்டாள்.

*

வெள்ளிக்கிழமை காலை பாஞ்சாலி வேலைக்குப் போகவில்லை. ஆரோக்கியசெல்வியையும் கூட்டிக்கொண்டு திண்டிவனம் பஸ் ஏறினாள். கிருஷ்ணசாமி அதே புளியமரத்தடியில்தான் இருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. மேசை மட்டும் புதிது.

"சார், நீங்கதான் எனக்கு எழுதிக் குடுத்தீங்க. எட்டு வருசம் ஆவுது."

"ஆயிரம் பேருக்கு எழுதறேம்மா."

"கால்ல கட்டோட எம் புள்ள வந்தான். இருந்து மட்டும் என்னா கிழிச்சேன்னு சொன்னான். நீங்ககூட சிரிச்சீங்க."

கிருஷ்ணசாமி பேனா மூடியைக் கழற்றாமல் அவளையே பார்த்தார். "சென்ட்ரிங் வேல பண்ற பையன்."

"அவனேதான். இப்ப அவன் உண்டுன்னு எழுதணும்."

அவர் நாற்காலியில் சாய்ந்தார். "எதுக்கும்மா? வர்ற பணம் நின்னு போவும். இத்தினி நாளா வாங்குனத திருப்பிக் கேட்டாலும் கேப்பாங்க. தேர்தல் முடிய இன்னம் ரெண்டு வாரம். அந்த ஆளு ஜெயிச்சா எல்லாருக்கும் உண்டுங்கறான். ஜெயிக்கட்டும். அப்பறம் வந்து எழுதிக்கோ. ஒரு பைசா நஷ்டம் இல்ல."

"அதான் சார் வேணாம்."

"எது வேணாம்?"

"அப்ப உண்டுன்னு சொன்னா அதுவும் பணத்துக்கு சொன்ன மாதிரிதான். இல்லன்னதும் பணத்துக்கு, உண்டுன்னதும் பணத்துக்கு. அவன் என்னான்னு நெனைப்பான்?" சொல்லிவிட்டு மூச்சு வாங்கினாள். "இப்ப சொன்னாதான் சார் அவனுக்கு சொன்ன மாதிரி."

ஆரோக்கியசெல்வி குறுக்கே வந்தாள். "யக்கா, யோசிச்சிக்கோ. பையன் கோச்சிக்கினு போயிருக்கான். கட்டடத்துல ஏறி எறங்கற பொழப்பு. பணமும் நின்னு, அவனும் வரலன்னா?"

"காய் ஆஞ்சி கஞ்சி குடிக்கிறேன்."

கிருஷ்ணசாமி வெள்ளைத் தாளை எடுத்து இடப்பக்கம் ஓரம் மடித்தார். அவர் எழுதுவது எப்போதும் வரிசையாகத்தான்: அனுப்புநர், பெறுநர், பொருள், பிறகு ஐயா. எழுதி முடித்து வாசித்துக் காட்டினார்.

"'ஐயா, நான் எட்டு ஆண்டுகளுக்கு முன் கொடுத்த மனுவில் எனக்கு ஆண் வாரிசு இல்லை என்று அறியாமையால் குறிப்பிட்டுவிட்டேன்...'"

"அறியாமைன்னா?"

"தெரியாம சொல்லிட்டேன்னு அர்த்தம். ஒரு பாதுகாப்புக்கு."

"தெரிஞ்சிதான் சார் சொன்னேன். அத அடிச்சிடுங்க."

அவர் அடிக்கவில்லை. அடித்தல் திருத்தல் உள்ள மனுவை அவர் கொடுப்பதில்லை. வேறு தாள் எடுத்து முதலிலிருந்து எழுதினார். எழுதுகையில் ஓரிடத்தில் நிறுத்தி, "நானும் தெரிஞ்சிதான் எழுதனேன்," என்றார், யாரிடமும் சொல்லாததுபோல.

"'ஐயா, நான் எட்டு ஆண்டுகளுக்கு முன் கொடுத்த மனுவில் எனக்கு ஆண் வாரிசு இல்லை என்று சொன்னேன். அது பொய். எனக்கு ஒரே மகன் உண்டு. பெயர் பெரியதம்பி. வயது முப்பத்தேழு. கட்டட வேலை செய்கிறார். என்னை நன்றாக வைத்துப் பார்த்துக்கொள்கிறார். ஆகவே பழைய மனுவில் உள்ளதைத் திருத்தி, என் மகன் பெயரை எழுதிக்கொள்ளும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.' போதுமா?"

"அவரு இவருன்னு எழுதிட்டீங்க?"

"மனுல அப்படித்தாம்மா எழுதணும்."

"நல்லாதான் இருக்குது," என்றாள். மை தடவிய கட்டை விரலை அவரே பிடித்து உருட்டி வைத்தார்.

ஆபீஸ் எதிரிலேயே இருந்தது. கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம். கிருஷ்ணசாமிதான் வேண்டாம் என்றார். நேரில் போனால் ஏன் எதற்கு என்று நாலு பேர் கேட்டு, நல்லது நினைத்தே திருப்பி அனுப்பிவிடுவார்கள். பதிவுத் தபாலில் போனால் ஒப்புகை அட்டை வீட்டுக்கு வரும். உறையில் அனுப்புநர் இடத்தில் 'பாஞ்சாலி, க/பெ. ஏழுமலை' என்று எழுதப் போனவரை அவள் தடுத்தாள்.

"வூட்டுக்காரர் பேரு வேணாம் சார். அவரு போயி சேந்துட்டாரு. புள்ள பேர போடுங்க. அந்த அட்ட வூட்டுக்கு வரும்ன்னீங்க இல்ல?"

அப்படி எழுதும் வழக்கமில்லை. ஆனாலும் எழுதினார். அட்டையிலும் அதையே எழுதினார். எழுதுகூலி வாங்கிக்கொள்ளவில்லை. பழைய மனுவுக்கு வாங்கியதே இருக்கட்டும் என்றார்.

தபால் ஆபீசில் வரிசை நீளமாக இருந்தது. மின்விசிறி ஓடியும் காற்று வரவில்லை. பாஞ்சாலி பசைக் கிண்ணத்தில் விரலைத் தொட்டு, உறையின் ஓரத்தில் தடவி, மேசைமேல் வைத்து உள்ளங்கையால் அழுத்தினாள். போதாது என்று இன்னொரு தடவையும் அழுத்தினாள். ஆரோக்கியசெல்வி வெளியில் நின்று பெரியதம்பிக்குப் போன் போட்டுப் பார்த்துவிட்டு வந்து உதட்டைப் பிதுக்கினாள். மணி மட்டும் போகிறதாம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் ஊழியர் உறையைத் தராசில் வைத்து, அனுப்புநர் முகவரியைப் படித்தார். மறுபடியும் படித்தார். கையில் பேனா இருந்தது.

"'பாஞ்சாலி, பெரியதம்பியின் தாயார்.' பெரியதம்பி யாரும்மா, ஒங்க மகனா?"

பாஞ்சாலியின் தலை ஒரு பக்கமாகச் சாயப் போயிற்று. அதை நிமிர்த்தினாள். விரியப் போன கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டாள்.

"ஆமாங்க," என்றாள். "எம் புள்ள."

அந்தப் பெண் தலையாட்டிவிட்டு, உறையின்மேல் முத்திரையை ஓங்கிக் குத்தி, பின்னால் இருந்த சாக்குப் பையில் போட்டார். பாஞ்சாலி அந்தப் பையையே பார்த்துக்கொண்டு நின்றாள். வரிசையில் அடுத்து நின்றவர், "ஆச்சி இல்ல, நவுரும்மா," என்றார்.